பழைய ரயிலில் ஒரு சனிக்கிழமை: ஒரு தையல் ஆசிரியையின் மதிப்புரை

32 ஆண்டுகள் தையல் கற்றுக்கொடுத்தவள் நான். யாராவது நல்ல கோட் ஒன்றைக் காட்டினால், அதன் வெளித்தோற்றத்தை விட்டுவிட்டு உள்பக்கத்தைத்தான் முதலில் புரட்டிப் பார்ப்பேன். 2023 டிசம்பரில் நியூயார்க்கில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். "அம்மா, 1930-களில் ஓடிய சப்வே என்ற நிலத்தடி ரயிலை இந்த மாதம் சனிக்கிழமைகளில் ஓட்டுகிறார்கள். போய்ப் பார்க்கலாமா?" என்று அவள் கேட்டாள். ரயில் என்றதும் எனக்குப் பெரிய ஆவல் எழவில்லை. "அந்தக் காலத்து உடை உடுத்திக்கொண்டு கூட்டம் கூட்டமாக வருவார்களாம்" என்றாள். உடனே சரி என்றேன். போகும் நாளில் கைப்பையில் ஊசி நூல் டப்பா இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிளம்பினேன்.

இந்தப் பயணத்தை நடத்துவது நியூயார்க் டிரான்சிட் மியூசியம். புரூக்ளினில் 1936-இல் திறக்கப்பட்டுப் பத்தே ஆண்டுகளில் மூடப்பட்ட கோர்ட் ஸ்ட்ரீட் நிலையத்துக்குள், தரைக்குக் கீழே, 1976 முதல் இயங்கிவரும் அருங்காட்சியகம் அது. அங்கே தண்டவாளத்தின் மேலேயே பழைய பெட்டிகள் நிற்கின்றன; ஏறி உட்காரலாம். ஆண்டின் கடைசியில் அவர்கள் ஒரு தொடர் பெட்டிகளை வெளியே கொண்டுவந்து, இன்றைய ரயில்களுக்கு நடுவே ஓட்டுகிறார்கள். தனி டிக்கெட் கிடையாது. மற்ற ரயில்களுக்குக் கொடுக்கும் அதே கட்டணம்தான், அப்போது 2 டாலர் 90 சென்ட். அந்த ஆண்டு செகண்ட் அவென்யூ நிலையத்தில் ஏறினால், மன்ஹாட்டனின் அடிவயிற்றில் வடக்கே ஓடி 145-வது தெருவில் கொண்டுபோய் விட்டது. இவ்வளவு குறைந்த காசுக்கு இவ்வளவு பெரிய காட்சி அந்த நகரத்தில் வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

வண்டி நிலையத்துக்குள் நுழையும்போதே பேச்சு அடங்கிவிட்டது. ஆர்-1 முதல் ஆர்-9 வரை பெயரிடப்பட்ட பெட்டிகள் இவை. 1930 முதல் 1940 வரை மொத்தம் 1,703 பெட்டிகள் செய்யப்பட்டன. 1977 வரை அவை மக்களைச் சுமந்தன. கூரையில் மின்விசிறிகள், மூடியில்லாத மஞ்சள் பல்புகள், இறக்கி விடக்கூடிய கண்ணாடி ஜன்னல்கள், ஜன்னலுக்கு மேலே வரிசையாக அந்தக் காலத்து விளம்பர அட்டைகள். வேகம் எடுக்கும்போது பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு முனகல் புறப்பட்டு, சுருதி ஏறிக்கொண்டே போகிறது. கதவுகளைத் திறந்து மூடும் கண்டக்டர் உள்ளே உட்காருவதில்லை. இரண்டு பெட்டிகளுக்கு இடையே, வெளிப்புறமாக, கால் வைக்கும் தகட்டின் மேல் ஏறி நின்று இயக்குகிறார். டிசம்பர் குளிரில் அந்த இடத்தில் நிற்பவருக்குக் கனமான கம்பளிச் சீருடை எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு அந்தப் பெட்டியில் மிக முக்கியமானதாகத் தோன்றியது இருக்கைதான். மெத்தை இல்லை, பிளாஸ்டிக் இல்லை. பிரம்பைப் பட்டையாகச் சீவி நெருக்கமாகப் பின்னி, ஸ்பிரிங்கின் மேல் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கட்டைவிரலை இருக்கையின் முன் ஓரத்தில் மெல்ல ஓட்டிப் பார்த்தேன். முழங்காலுக்குப் பின்புறம் படுகிற இடம் அது. பின்னல் வளைந்து கீழே இறங்கும் அந்த விளிம்பில் ஒரு நார் பிரிந்து, மீசை முடி கனத்தில், நுனி மேல்நோக்கி நின்றது. விரலுக்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால் நைலான் காலுறைக்கு அது கத்தி. ஓர் இழை மாட்டினால் போதும், முழங்காலிலிருந்து குதிகால் வரை ஏணிப்படி போல இழை பிரிந்துவிடும்.

நைலான் காலுறை அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது 1940 மே 15 அன்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் நைலான் எல்லாம் பாராசூட் போன்ற போர்த் தேவைகளுக்குப் போய்விட்டது. பெண்கள் காலில் சாயம் பூசிக்கொண்டு, காலுறையின் பின்பக்கத் தையல் கோடு போலப் புருவ மையால் நேர்க்கோடு வரைந்துகொண்டு வேலைக்குப் போனார்கள். போர் முடிந்து மறுபடி விற்பனை தொடங்கியபோது, கடைகளுக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் வரிசை நின்று தள்ளுமுள்ளு ஆனது. அப்படி வாங்கிய ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு இந்தப் பிரம்பு இருக்கையில் உட்காரும் பெண் எப்படி உட்கார்ந்திருப்பாள்? பாவாடையைப் பின்புறமாக இழுத்து முழங்காலுக்கு அடியில் செருகி, மெதுவாகத்தான் உட்கார்ந்திருப்பாள். அந்தக் காலத்துப் புகைப்படங்களில் பெண்கள் கணுக்காலைச் சேர்த்து, நுனியில் உட்கார்ந்திருப்பதை ஒழுக்கப் பயிற்சி என்று நினைத்திருந்தேன். காலுறையின் விலையும் அதில் பாதி இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

உடை உடுத்தி வந்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன். அவர்களை யாரும் கூலி கொடுத்து அழைத்து வருவதில்லை. தாங்களாகவே வருகிறார்கள். ஒரு பெட்டியில் ஜாஸ் வாசித்தார்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே கிடைத்த இடத்தில் ஜோடிகள் ஆடினார்கள். மற்றவர்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது நான் ஆண்களின் கால்சட்டை அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1942-இல் அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம் துணியை மிச்சப்படுத்த விதிகள் போட்டது. ஆண்களின் கால்சட்டையில் அடி மடிப்பு கூடாது. பெண்களுக்கு எல்-85 என்ற ஆணை: பாவாடையின் சுற்றளவுக்கும் ஓர மடிப்பின் அகலத்துக்கும் அளவு வைத்தது. இரண்டு அங்குலத்துக்கு மேல் ஓரம் மடிக்கக் கூடாது. ஒரு அரசாங்கம் ஊசி முனை வரைக்கும் வந்து சட்டம் போட்டது என்பதை என் மாணவிகளுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்று கண்ணெதிரே பார்த்தேன். என் எதிரில் அமர்ந்த இளைஞர் ஒருவர், அடி மடிப்பு இல்லாத கால்சட்டை, குறுகிய மார்புப் பட்டி வைத்த கோட், இரண்டு விரலால் கிள்ளிய மாதிரி முன்புறம் குழிந்த ஃபெல்ட் தொப்பி என்று, 1943-ஆம் ஆண்டை அப்படியே உடுத்தி வந்திருந்தார். செய்தித்தாளை நீளவாக்கில் மடித்து, ஒரு பத்தி மட்டும் தெரியும்படி பிடித்திருந்தார். நெரிசலில் பக்கத்து ஆள் முகத்தில் படாமல் பெரிய தாளைப் படிப்பதற்கு நியூயார்க் பயணிகள் பழகிக்கொண்ட மடிப்பு அது.

அவருக்கு இரண்டு இருக்கை தள்ளி, இடுப்பு சிறுத்துப் பாவாடை குடையாக விரிந்த உடையில் ஒரு பெண். 1947 பிப்ரவரியில் பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் காட்டிய பாணியிலிருந்து பிறந்தது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் உட்கார்ந்ததும் பாவாடை இரண்டு பக்கத்து ஆட்களின் மடி மேலும் போய் விழுந்தது. இரண்டு கையாலும் வாரிச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டே அவர் பயணம் முழுவதும் வந்தார். போர்க்காலத் துணிப் பஞ்சம் முடிந்த மகிழ்ச்சி அந்தத் துணியில் தெரிந்தது. ரயிலுக்கு ஏற்ற வெட்டு அது அல்ல என்பதும் தெரிந்தது. நாலு வருட இடைவெளியில் பிறந்த இரண்டு உடைகள் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேறு எந்த அருங்காட்சியகத்துக்குப் போக முடியும்? கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மைக்கு மாட்டிய உடை நடக்காது, உட்காராது, கூட்டத்தில் கசங்காது.

கூட்டம் என்றால் எவ்வளவு கூட்டம் என்று இன்றைக்கு ஊகிப்பது கடினம். 1946 டிசம்பர் 23 அன்று ஒரே நாளில் 88 லட்சத்து 72 ஆயிரம் பேருக்கு மேல் இந்த ரயில்களில் போனார்கள். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு. கையில் பொட்டலங்கள், உடம்பில் கம்பளி கோட், தலையில் தொப்பி. கட்டணம் அப்போதும் ஐந்து சென்ட்தான். 1904-இல் சப்வே தொடங்கிய நாளிலிருந்து மாறாத அந்த ஐந்து சென்ட், 1948 ஜூலையில் பத்து ஆனது. 1953-இல் பதினைந்து ஆனபோது உலோக டோக்கன் வந்தது. கதவுக்கு அருகே பளபளப்பாகத் தேய்ந்த கைப்பிடியைப் பிடித்து நின்றபோது, எத்தனை கையுறைகள் அதில் உராய்ந்திருக்கும் என்று நினைத்தேன். கையுறை அன்று வெறும் அலங்காரம் அல்ல. காலையில் செய்தித்தாள் மையும் கைப்பிடி அழுக்கும் உள்ளங்கையில் ஒட்டாமல் அலுவலகம் போய்ச் சேர அது தேவைப்பட்டிருக்கும்.

அந்தக் காலத்துப் பயணிகள் உண்மையில் எப்படி இருந்தார்கள் என்பதற்கு நல்ல சாட்சி, 1938 முதல் 1941 வரை அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸ் சப்வேயில் எடுத்த படங்கள். கேமராவைக் கோட்டுக்குள் மறைத்து, இரண்டு பட்டன்களுக்கு நடுவே லென்ஸ் எட்டிப்பார்க்கும்படி வைத்து, எதிரே இருப்பவருக்குத் தெரியாமல் எடுத்தார். அந்தப் படங்களில் பெரும்பாலும் யாரும் சிரிப்பதில்லை. வேலைக்குப் போகும் முகங்கள். கழுத்தில் விலங்கின் ரோமத் துண்டு போட்ட பெண்ணின் கண்ணிலும் களைப்பு இருக்கிறது. எங்கள் பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் விடுமுறை முகத்தோடு இருந்தார்கள். அது ஒன்றுதான் பழைய ரயிலோடு ஒட்டாமல் தெரிந்தது. அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

34-வது தெரு வந்தபோது மகளை ஜன்னல் பக்கம் இழுத்தேன். பார்ப்பதற்கு அங்கே சுவரும் ஓடுகளும்தான். ஆனால் அதற்கு மேலே, 34-லிருந்து 40-வது தெரு வரை, சிக்ஸ்த் அவென்யூவுக்கும் நைன்த் அவென்யூவுக்கும் இடையில்தான் நியூயார்க்கின் ஆடைத் தொழில் வட்டாரம். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கப் பெண்கள் கடையில் வாங்கி அணிந்த ஆயத்த ஆடைகளில் பெரும்பகுதி அந்தச் சில தெருக்களின் மாடிகளில் வெட்டித் தைக்கப்பட்டது. அங்கே ஒரு கோட்டைத் தைத்தவரும் அதைப் போட்டவரும் காலையில் ஒரே பெட்டியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்திருப்பார்கள். அதை நினைத்ததும் எனக்குக் கண் கலங்கியது. என் தொழில்காரர்கள் இறங்கிய நிலையம் அது.

நல்லதைச் சொன்ன வாயால் இதையும் சொல்ல வேண்டும். மகளுக்கு அந்தக் காலத்து உடை வேண்டும் என்று முந்தைய வாரம் ஒரு கடையில் 1940-களின் பாணி என்று சொல்லி 45 டாலர் வாடகைக்கு ஒரு ஃபிராக் எடுத்தோம். வெளியிலிருந்து பார்க்க லட்சணமாக இருந்தது. வீட்டுக்கு வந்து உள்பக்கம் திருப்பினேன். முதுகின் நடுவில் கழுத்திலிருந்து இடுப்பு வரை பிளாஸ்டிக் ஜிப். அந்தக் காலத்து ஃபிராக்கில் ஜிப் பெரும்பாலும் இடப்பக்கத் தையலில், உலோகத்தில், சின்னதாக இருக்கும். ஷோல்டர் பேடைத் தைக்காமல் ஒட்டும் பட்டையால் ஒட்டியிருந்தார்கள். காஜாவின் விளிம்பில் பிசிர். லைனிங் பாலியஸ்டர், காலுறையோடு ஒட்டிக்கொண்டு மேலே மேலே ஏறியது. திருப்பிக் கொடுக்கும்போது இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். "உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார் கல்லாவில் இருந்தவர். உடுத்துபவள் பார்ப்பாள். ரயிலில் முதல் வளைவில் அந்த ஷோல்டர் பேட் நழுவி மகளின் கைக்கு வந்துவிட்டது. அதற்குப் பின் அவள் கையைத் தூக்கிக் கைப்பிடியைப் பிடிக்கவே தயங்கினாள். நின்றுகொண்டு போகும் பயணிக்குத் தைத்த உடையில் அப்படி நடக்காது. அக்குளில் துணி விட்டு, கை தூக்கினால் தோள் இறங்காதபடிதான் அந்தக் காலத்துத் தையற்காரர்கள் வெட்டினார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நாளும் நேரமும் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். அருங்காட்சியகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டு போங்கள். முதல் வண்டிக்கே போங்கள். மதியத்துக்குப் பின் உட்கார இடம் கிடைக்காது. சத்தம் அதிகம், காது நோகும் குழந்தைகளுக்குப் பஞ்சு வைத்துவிடுங்கள். மெல்லிய சால்வையோ பட்டோ உடுத்தினால் பிரம்பின் ஓரத்தில் ஒரு கண் இருக்கட்டும். பழைய உடை இல்லாவிட்டால் கவலை வேண்டாம். சுத்தமாக இஸ்திரி போட்ட எந்த கோட்டும் அந்தப் பெட்டியில் பொருந்திவிடுகிறது. முடிந்தால் முந்தைய நாள் புரூக்ளினில் உள்ள அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள். அங்கே நிதானமாகத் தொட்டுப் பார்க்கலாம், இங்கே அதே பெட்டி ஓடுவதை உணரலாம். ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் தருகிறேன். ஆறாவது இருந்தால் அது தங்கள் சொந்தத் துணியோடு வந்த பயணிகளுக்கு.

59-வது தெருவில் என் பக்கத்து இடம் காலியாகி, எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மையார் வந்து உட்கார்ந்தார். கரும்பச்சைக் கம்பளி கோட். தன் தாயாருடையது, போர்க்காலத்தில் வாங்கியது என்று பெருமையாகச் சொன்னார். திருப்பி மடித்த அகலமான கைப்பட்டியையும், துணியை வாரி வழங்கிய வீச்சையும் பார்த்ததும் எனக்கு ஐயம் வந்தது. உள்ளே பார்க்கலாமா என்று கேட்டேன். சந்தோஷமாகப் பட்டனைக் கழற்றினார். லைனிங் தையலோரம் தபால் தலை அளவில் ஒரு லேபிள்: பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தினுடையது. சங்கத்தின் பெயரோடு ஏ.எஃப்.எல்.-சி.ஐ.ஓ. என்ற எழுத்துகளும் நெய்யப்பட்டிருந்தன. அந்த இரண்டு தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் இணைந்தது 1955 டிசம்பரில். அதற்கு முன் இந்த லேபிள் இருக்க வழியே இல்லை. மனம் வருந்துவாரோ என்று தயங்கித்தான் சொன்னேன். அவர் சிறிது நேரம் லேபிளைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, 1956-இல்தான் தன் தாயார் முதன்முதலாக ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தார் என்றும், அப்படியானால் இது அவர் சொந்தச் சம்பளத்தில் வாங்கிய கோட்டாகத்தான் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். இரண்டு முறை சொன்னார்.

கோட்டின் அடியில், பின்புறம், ரேயான் லைனிங் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்து தொங்கியது. பழைய நூல் இற்றுப்போயிருந்தது. துணி இன்னும் உறுதியாக இருந்தது. டப்பாவை எடுத்தேன். கரும்பச்சை நூல் இல்லை, கறுப்பு இருந்தது. அவர் எழுந்து கம்பத்தைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார், மகள் கைப்பேசி விளக்கைப் பிடித்தாள், நான் இருக்கை நுனியில் குனிந்து உட்கார்ந்தேன். 59-லிருந்து 125-வது தெரு வரை வண்டி எங்கும் நிற்காது. சென்ட்ரல் பார்க்கை ஒட்டி முனகலை உயர்த்திக்கொண்டு ஓடியது. ஆட்டத்துக்கு ஏற்ப ஊசியை நிறுத்தி, ஆட்டம் அடங்கும் நொடியில் ஒரு தையல், மறுபடி நிறுத்தி இன்னொன்று. வெளித்துணியில் ஓர் இழையை மட்டும் தொட்டு, லைனிங்கின் மடிப்புக்குள் ஊசியை ஓட்டி, பழைய தையல் துளைகள் தெரிந்த இடத்தில் அந்தத் துளைகளிலேயே இறக்கினேன். முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் அறுத்தபோது கதவு திறந்தது. 125-வது தெரு.